ஓட்டு முடிந்ததும் பேச்சு தொடங்கட்டும்: வகுப்பறையில் வாக்குக் கருவிகளைப் பயன்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு சின்ன விதை. பல ஆண்டுகள் கழித்து அது பெரிய மரமாக நிற்கிறது. அந்த மரத்தை வெட்டி, ஈரமெல்லாம் போகும்படி நன்றாகக் காயவைத்து எடை போட்டால் ஆயிரம் கிலோ. இந்த எடையில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது? அ) மண் ஆ) நீர் இ) காற்று ஈ) சூரிய ஒளி.

ஒளிச்சேர்க்கைப் பாடத்தை முடித்த மறுநாள் இந்தக் கேள்வியை என் வகுப்பில் கேட்டேன். சமன்பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய பிள்ளைகள். முதல் நாள் "புரிந்ததா?" என்றதற்கு எல்லோரும் தலையாட்டியிருந்தார்கள். இப்போது ஆளுக்கொரு பொத்தானை அழுத்தினார்கள். என் திரையில் வந்த வரைபடத்தில் மண்ணுக்கான பட்டைதான் உயர்ந்து நின்றது. சரியான விடையான காற்றைச் சொன்னவர்கள் கொஞ்சம் பேர்தான்.

கையைத் தூக்கச் சொல்லியிருந்தால் எனக்கு இது தெரியவே வந்திருக்காது. நன்றாகப் படிப்பவர்கள் என்று பெயரெடுத்த இரண்டு பேர் எந்தப் பக்கம் தூக்குகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் மற்றவர்கள் தூக்கியிருப்பார்கள். வாக்குக் கருவி செய்கிற வேலை இதுதான்: வாயைத் திறப்பதற்கு முன்பே ஒவ்வொருவரையும் தனியாக, மறைவாக, ஏதோ ஒரு பக்கம் சாய வைக்கிறது. ஒரு பக்கம் சாய்ந்துவிட்டவருக்குப் பேசுவதற்கு விஷயம் இருக்கும். பக்கத்தில் இருப்பவர் ஏன் வேறு பக்கம் சாய்ந்தார் என்று தெரிந்துகொள்ளும் ஆசையும் வரும். ஆசிரியர் அந்த ஆசையைக் கெடுக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். இந்த வழிகாட்டி முழுவதும் அதை எப்படிச் செய்வது என்பதைப் பற்றித்தான்.

இந்த முறை எங்கிருந்து வந்தது

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் நடத்திவந்த எரிக் மஸூர் 1990களின் தொடக்கத்தில் ஒரு விஷயத்தைக் கவனித்தார். கடினமான கணக்குகளைச் சரியாகப் போடுகிற மாணவர்கள், விசையைப் பற்றிய எளிய கேள்விகளில் தடுமாறினார்கள். ஒரு நாள் அப்படி ஒரு கேள்வியை அவர் இரண்டு முறை விளக்கியும் வகுப்புக்குப் பிடிபடவில்லை. "சரி, உங்களுக்குள் பேசிப் பாருங்கள்" என்று விட்டார். அரங்கமே இரைச்சலானது. சில நிமிடங்களில் தெளிவும் வந்தது. சற்று முன்புதான் புரிந்துகொண்ட மாணவருக்கு, புரியாத இடம் எது என்று இன்னும் நினைவிருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன்பு புரிந்துகொண்ட ஆசிரியருக்கு அது மறந்துபோயிருக்கிறது. இதுதான் அவர் கண்டுகொண்டது.

தனியாக யோசி, ஓட்டுப் போடு, பக்கத்தில் இருப்பவரோடு பேசு, மறுபடி ஓட்டுப் போடு என்ற வரிசை இங்கிருந்துதான் பரவியது. இந்த முறையில் கருவி பிறகு வந்து சேர்ந்ததுதான். தொடக்கத்தில் கையுயர்த்தலும் எழுத்து அட்டைகளும்தான் இருந்தன. நதானியேல் லாஸ்ரி 2008இல் ஒரே முறையைக் கருவியோடும் வெறும் அட்டைகளோடும் நடத்தி ஒப்பிட்டார். மாணவர்கள் கற்றதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஏதும் இல்லை. கருவி வாங்கப் பணம் இல்லையே என்று தயங்குபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கருவி

இதில் ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம். நான்கு வகை இருக்கின்றன.

தனிக் கருவி, அதாவது கிளிக்கர், சின்ன ரிமோட் போல இருக்கும். ஐந்தாறு பொத்தான்கள். ஆசிரியரின் கணினியில் செருகிய ரிசீவருக்கு ரேடியோ அலை மூலம் பதில் போகும். பழைய அகச்சிவப்புக் கருவிகளை ரிசீவருக்கு நேராகக் காட்டி அழுத்த வேண்டியிருந்தது. ரேடியோவில் அந்தத் தொல்லை இல்லை. இதனால் வேறு எதுவும் செய்ய முடியாது என்பதே இதன் பெரிய பலம். யாரும் இதில் மெசேஜ் பார்க்க முடியாது.

கைபேசி வழி வாக்கெடுப்பு இன்னொன்று. மென்டிமீட்டர், போல் எவ்ரிவேர், கஹூட் போன்றவை. சொந்தச் சொற்களில் பதில் எழுத வைக்க முடியும் என்பது கூடுதல் வசதி. ஆனால் இணையம் வேண்டும், எல்லோர் கையிலும் கைபேசி வேண்டும், அதைப் பிறகு கீழே வைக்கவும் வேண்டும். மூன்றாவதுதான் சிரமம்.

பிளிக்கர்ஸ் என்ற அட்டை முறை சின்னப் பிள்ளைகளுக்கு மிகவும் பொருத்தம் என்பது என் கருத்து. ஒவ்வொரு மாணவருக்கும் தனி வடிவம் அச்சிட்ட ஒரு காகித அட்டை. அதன் நான்கு பக்கங்களும் நான்கு விடைகள். தன் விடை மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடித்தால், ஆசிரியர் தன் கைபேசியின் கேமராவால் வகுப்பை ஒரு முறை வலம் வர, பதில்கள் பதிவாகிவிடும். வடிவங்கள் வெவ்வேறு என்பதால் பக்கத்தில் இருப்பவரின் அட்டையைப் பார்த்து விடையை ஊகிப்பது எளிதில்லை. வகுப்புக்கு ஒரு கைபேசி போதும்.

கடைசியாக, நான்கு நிற அட்டைகள். "ஒன்று, இரண்டு, மூன்று" என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் நெஞ்சுக்கு நேராகப் பிடிக்க வேண்டும். தலைக்கு மேலே தூக்கினால் பின்னால் இருப்பவர்கள் பார்த்துவிடுவார்கள்.

எதை எடுத்தாலும், பாடம் நடத்துவதற்கு முன் ஒரு நாள் கருவியை மட்டும் பழக்குங்கள். "இன்று காலை எழுந்தபோது உங்களுக்கு முதலில் தோன்றியது என்ன?" என்பது போல ஏதாவது ஒரு லேசான கேள்வி போதும். பொத்தானைத் தேடுகிற பதற்றம் அன்றோடு தீர்ந்துவிடட்டும்.

கேள்விதான் முக்கால்வாசி வேலை

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். நினைவில் இருந்து எடுத்துச் சொல்கிற கேள்விகள் (எந்த ஆண்டு, எது தலைநகரம், வாய்பாடு என்ன) இதற்கு உதவாது. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிவிடுவார், பேச்சு அதோடு முடிந்துவிடும். ஒரு கருத்தை எடுத்துப் புதிய இடத்தில் பொருத்திப் பார்க்க வைக்கும் கேள்வி வேண்டும். மரத்தின் கேள்வி அப்படிப்பட்டது. ஒளிச்சேர்க்கை என்ற சொல்லே அதில் வராது.

நல்ல கேள்வி எழுதுவதன் ரகசியம் தவறான விடைகளில் இருக்கிறது. அவற்றை நாமாகக் கற்பனை செய்யக் கூடாது. நாம் உண்டாக்கும் தவறுகள் பெரும்பாலும் யாரும் செய்யாத தவறுகள். போன ஆண்டின் விடைத்தாள்களை எடுங்கள். பிள்ளைகள் எப்படியெல்லாம் பிழை செய்திருக்கிறார்கள் என்று பார்த்து, முடிந்தவரை அவர்களின் சொற்களிலேயே எழுதுங்கள். விடைத்தாள் கையில் இல்லையென்றால், இதே கேள்வியை முந்தைய வாரம் விடைகள் கொடுக்காமல் கேட்டு, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். நான்கு தெரிவுகளும் அதிலேயே கிடைத்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 0.6, 0.45 ஆகிய இரண்டில் எது பெரியது? "0.6 பெரியது", "0.45 பெரியது", "இரண்டும் சமம்" என்று மூன்று தெரிவுகள் கொடுத்தால் பெரும்பாலோர் சரியான விடையைத் தொட்டுவிடக் கூடும். நாமும் திருப்தியாகப் போய்விடுவோம். இப்போது காரணத்தையும் விடைக்குள்ளேயே வைத்துப் பாருங்கள்.

அ) 0.45, ஏனென்றால் 45 என்பது 6-ஐ விடப் பெரியது.
ஆ) 0.6, ஏனென்றால் பத்தில் ஆறு பங்கு என்பது பத்தில் நான்கு பங்கும் கொஞ்சமும் சேர்ந்ததை விடப் பெரியது.
இ) 0.6, ஏனென்றால் புள்ளிக்குப் பிறகு இலக்கங்கள் குறைவாக இருந்தால் எண் பெரியது.

இ-யைத் தேர்ந்தவர் சரியான எண்ணைத்தான் சொல்கிறார். ஆனால் அவர் கையில் இருக்கும் விதி தவறு. அடுத்த கேள்வியில் 0.3, 0.45 என்று கொடுத்தால் அதே விதி அவரைக் கவிழ்த்துவிடும். ஆ-காரரும் இ-காரரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நல்ல வாக்குவாதம் வரும், ஏனென்றால் இருவரும் ஒரே விடையைச் சொல்கிறார்கள், ஆனால் இருவரும் ஒத்துப்போகவில்லை.

"எனக்குத் தெரியவில்லை" என்று ஒரு தெரிவு வைக்கலாமா? புதிய பாடத்தில் வைக்கலாம். தெரியாததை ஒப்புக்கொள்ள அது இடம் தருகிறது. பேச்சை வளர்க்கும் கேள்வியில் நான் வைப்பதில்லை. அரைகுறையாகத் தோன்றினாலும் ஒரு பக்கம் சாய்ந்து பார்ப்பதுதான் அங்கே தேவை.

ஒரு மணி நேர வகுப்புக்கு இப்படிப்பட்ட கேள்விகள் இரண்டோ மூன்றோ போதும். பத்துக் கேள்வி வைத்தால் அது தேர்வாகிவிடும்.

சுற்று எப்படி நடக்க வேண்டும்

கேள்வியைத் திரையில் காட்டுங்கள். ஒரு முறை சத்தமாகப் படியுங்கள். அப்புறம் பேசாதீர்கள். இதைச் சொல்வது சுலபம், கடைப்பிடிப்பது கஷ்டம். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று விநாடியாக நீட்டினாலே மாணவர்களின் பதில்கள் நீளமாகின்றன, பேசுபவர்களின் எண்ணிக்கை கூடுகிறது என்றும் மேரி பட் ரோ 1970களில் காட்டினார். இங்கே உங்களுக்கு ஒன்று முதல் இரண்டு நிமிடம் வரை இருக்கிறது. அந்த நேரத்தில் குறிப்புக் கொடுக்கவோ, "கவனமாகப் படியுங்கள், இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது" என்று சொல்லவோ வேண்டாம். பிள்ளைகளும் இந்தச் சுற்றில் பேசக் கூடாது. முதல் ஓட்டு அவரவருடையதாக இருக்க வேண்டும்.

ஓட்டுகள் வந்துகொண்டிருக்கும்போது எண்ணிக்கை மட்டும் திரையில் தெரியட்டும், பட்டைகள் தெரியக் கூடாது. பல மென்பொருள்களில் பட்டைகளை உடனுக்குடன் காட்டும் வசதி தானாகவே இயங்கும். வகுப்புக்கு முன்பே அதைத் தேடி அணைத்துவிடுங்கள். முக்கால்வாசிப் பேர் போட்டதும் "இன்னும் பத்து விநாடி" என்று சொல்லி முடித்துவிடலாம்.

இப்போது பட்டைகளை நீங்கள் மட்டும் பாருங்கள். வகுப்புக்குக் காட்டாதீர்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். தொடக்கத்தில் முதல் ஓட்டு முடிந்த கையோடு வரைபடத்தைப் பெருமையாகத் திரையில் போட்டுவிட்டு, "சரி, பேசுங்கள்" என்பேன். யாரும் பேசமாட்டார்கள். இரண்டாவது ஓட்டில் உயரமான பட்டை இன்னும் உயரமாகும். ஒரு நாள் அந்த உயரமான பட்டை தவறான விடையாக இருந்தது. சரியான விடையைப் போட்டிருந்த சிலரும் அதை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார்கள். நான் அவர்களை யோசிக்கவிடாமல் செய்துவிட்டேன் என்பது அன்று உறைத்தது. இது என் வகுப்பில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. பெரெஸும் உடன் ஆய்ந்தவர்களும் 2010இல் உயிரியல் வகுப்புகளில் இதையே சோதித்தார்கள். முதல் ஓட்டின் வரைபடத்தைப் பார்த்த மாணவர்கள், பார்க்காதவர்களை விட அதிகமாகப் பெரும்பான்மை விடைக்கு மாறினார்கள்.

பட்டைகளைப் பார்த்து என்ன செய்வது? ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது. சரியான விடை 30 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால், பேசவிட்டுப் பயனில்லை. பேசுவதற்கு வேண்டிய அடித்தளமே இல்லை. கொஞ்சம் விளக்கிவிட்டு, அல்லது ஒரு குறிப்புக் கொடுத்துவிட்டு மறுபடி ஓட்டெடுங்கள். 30 முதல் 70 வரை இருந்தால் அதுதான் நல்ல வேளை, பேசவிடுங்கள். 70-ஐத் தாண்டினால் சுருக்கமாக விளக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். இந்த எண்களைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மரத்தின் கேள்வியில் காற்று என்றவர்கள் 30-க்கும் கீழேதான். ஆனால் மண்ணும் நீரும் மோதிக்கொள்ளும் என்று தெரிந்ததால் பேசவிட்டேன்.

பேசச் சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. "விவாதியுங்கள்" என்றால் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். "உங்களிடமிருந்து வேறுபட்ட விடையைப் போட்ட ஒருவரைத் தேடுங்கள். உங்கள் காரணத்தைச் சொல்லி அவரை மாற்றப் பாருங்கள். மூன்று நிமிடம்." இப்படிச் சொல்லிப் பாருங்கள், நாற்காலிகள் நகரும். அருகில் எல்லோரும் ஒரே விடை என்றால், "அப்படியானால் மற்ற விடைகள் ஏன் தவறு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள்" என்று அவர்களுக்கு வேறு வேலை கொடுங்கள்.

அந்த மூன்று நிமிடமும் நடந்துகொண்டே இருங்கள். காதை மட்டும் கொடுங்கள். மரத்தின் கேள்வி அன்று ஒரு பெஞ்சுக்குப் பின்னால் நின்று கேட்டது இது:

"மண்ணுலதானே வேர் இருக்கு? உரம் போட்டா மரம் பெருசாகுதுல்ல?"

"அப்படின்னா மரத்தைச் சுத்திப் பெரிய பள்ளம் விழணுமே?"

"ஆமால்ல."

"பள்ளம் எங்கயும் நான் பாத்ததே இல்ல."

"அதுக்காகக் காத்துன்னு சொல்றியா? காத்துக்கு ஏது எடை?"

"கார்பன் டை ஆக்சைடுன்னு எழுதினோமே. அந்தக் கார்பன் எங்க போகுது?"

பள்ளத்தைப் பற்றி நான் ஒருபோதும் யோசித்ததில்லை. பாடநூலிலும் அது இல்லை. ஆறு வரிப் பேச்சில் அந்தப் பிள்ளை மண்ணை விலக்கிவிட்டது. இன்னொரு பிள்ளை காற்றுக்கு எடை இல்லை என்ற, நான் அறியாத வேறொரு தவறான எண்ணத்தை வெளியே எடுத்துப் போட்டது. இந்த மாதிரி வாக்கியங்களை ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கட்டத்துக்கு இவைதான் தேவை. இடையில் புகுந்து திருத்த ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். ஆசிரியர் பக்கத்தில் வந்து தலையசைத்தாலே அங்கே பேச்சு நின்றுவிடும்.

சத்தம் ஏறி, உச்சத்துக்குப் போய், கொஞ்சம் இறங்கத் தொடங்கும். அந்த இறக்கத்தில் நிறுத்துங்கள். கடிகாரத்தை விட இது நம்பகமானது. அப்புறம் இரண்டாவது ஓட்டு.

"நன்றாகப் படிக்கிறவரிடம் கேட்டு மாற்றிக்கொள்வதைக் கற்றல் என்று சொல்ல முடியுமா?" என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. கொலராடோ பல்கலைக்கழகத்தில் மிஷெல் ஸ்மித்தும் அவர் குழுவினரும் ஒரு மரபியல் வகுப்பில் இதைச் சோதித்து 2009இல் வெளியிட்டார்கள். முதல் ஓட்டில் சரியாகச் சொன்னவர்கள் சராசரியாக 52 சதவீதம். பேசிய பிறகு அதே கேள்விக்கு 68. அதன்பின் விடையைச் சொல்லாமலே, அதே கருத்தைச் சோதிக்கும் வேறொரு கேள்வியைக் கொடுத்துத் தனித்தனியாகப் பதில் கேட்டபோது 73. வெறுமனே பார்த்து எழுதியவர்கள் புதிய கேள்வியில் தேறியிருக்க மாட்டார்கள். யாருக்குமே விடை தெரியாத குழுக்கள்கூடப் பேசிப் பேசிச் சரியான இடத்துக்கு வந்ததாக அவர்கள் கண்டார்கள். நேரம் இருந்தால் நீங்களும் இந்த மூன்றாவது கேள்வியை வையுங்கள். தசமக் கேள்விக்கு 0.3, 0.45 என்பதுதான் அந்த மூன்றாவது கேள்வி.

விடையைச் சொல்லும் முன்

இரண்டாவது ஓட்டுக்குப் பிறகு இரண்டு வரைபடங்களையும் அடுத்தடுத்துக் காட்டலாம். நகர்ந்ததைப் பார்ப்பதில் வகுப்புக்கே ஒரு மகிழ்ச்சி இருக்கும். அப்போதும் சரியான விடையின் பட்டைக்குப் பச்சை நிறம் அடித்துக் காட்டாதீர்கள். விடை தெரிந்த நொடியில் பேனாக்கள் மூடப்படும்.

"மண் என்று போட்டவர்கள் யார்?" என்று கேட்காதீர்கள். "மண் என்று ஒருவருக்கு ஏன் தோன்றியிருக்கலாம்?" என்று கேளுங்கள். சின்ன மாற்றம்தான். ஆனால் தவறாகப் போட்டவர் தன்னைக் காட்டிக்கொள்ளாமலே தன் காரணத்தைச் சொல்ல வழி கிடைக்கிறது. அப்புறம் நீங்கள் குறித்துவைத்த வாக்கியங்களைப் பெயர் சொல்லாமல் எடுத்து வையுங்கள்: "ஒரு குழுவில் பள்ளத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அதற்கு மண் கட்சியின் பதில் என்ன?"

தவறான விடைக்கு மரியாதை செய்யவும் ஒரு வழி தேடுங்கள். மரத்தின் கேள்வியில் எனக்கு வான் ஹெல்மான்ட் என்ற வேதியியலாளர் கைகொடுக்கிறார். 17ஆம் நூற்றாண்டில் அவர் ஒரு வில்லோ மரக்கன்றைத் தொட்டியில் நட்டு ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். மரத்தின் எடை சுமார் 74 கிலோ கூடியது. தொட்டி மண்ணைக் காயவைத்து எடை போட்டுப் பார்த்தால் 60 கிராம் அளவுக்குத்தான் குறைந்திருந்தது. மண் இல்லை என்று அவர் நிரூபித்துவிட்டார். ஆனால் எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று முடிவு கட்டினார், அது தவறு. அவருடைய குறிப்புகள் 1648இல் வெளிவந்தன. கார்பன் டை ஆக்சைடின் பங்கு விளங்க இன்னும் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. நீர் என்று ஓட்டுப் போட்ட பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நிமிர்ந்து உட்கார்வார்கள்.

அதன் பிறகுதான் உங்கள் விளக்கம். அந்த நேரத்தில் அதைக் கேட்கக் காது தயாராக இருக்கும்.

சரியான விடை இல்லாத கேள்விகள்

மொழி, வரலாறு, சமூகப் பாடங்களில் கருவிக்கு வேலை இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. என் அனுபவத்தில் அங்கேதான் பேச்சு அதிகம். ஒரு கதையைப் படித்து முடித்ததும், "நடந்த இழப்புக்கு மிக அதிகமாகப் பொறுப்பேற்க வேண்டியவர் யார்?" என்று நான்கு பாத்திரங்களைத் தெரிவாகக் கொடுங்கள். "மிக அதிகமாக" என்ற சொல் இல்லாவிட்டால் "எல்லோரும்தான்" என்று நழுவிவிடுவார்கள். ஓட்டு முடிந்ததும் ஒரு நிபந்தனையை மாற்றுங்கள்: "அண்ணனுக்கு உண்மை முன்பே தெரிந்திருந்தால்?" மறுபடி ஓட்டு. யார் மாறினார்கள், யார் மாறவில்லை, ஏன்? கதையிலிருந்து ஒரு வரியைச் சான்றாகக் காட்டித்தான் பேச வேண்டும் என்று விதி வைத்துவிட்டால் பேச்சு கதையை விட்டு வெளியே ஓடாது.

மனதைத் தொடும் விஷயங்களில் ஓர் எச்சரிக்கை. பெயர் தெரியாவிட்டாலும், ஒரு தெரிவுக்கு ஒரே ஒரு ஓட்டு விழுந்திருந்தால் மொத்த வகுப்பும் திரும்பி அது யாராக இருக்கும் என்று தேடும். அப்படி வந்தால் வரைபடத்தைக் காட்டாமல், "கருத்துகள் பலவாறாக இருக்கின்றன" என்று மட்டும் சொல்லுங்கள். அந்தத் தனி ஓட்டின் பக்கத்து நியாயத்தை நீங்களே எடுத்துப் பேசுங்கள்.

யாருக்கு எது தெரியும் என்பதையும் முதல் நாளே ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுங்கள். பல கருவிகளில் வகுப்புக்குப் பெயர் தெரியாது, ஆனால் ஆசிரியரின் கணினியில் பதிவாகும். பதிவாகிறது என்றால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். பிறகு தெரியவந்தால் அந்த நம்பிக்கையைத் திரும்பப் பெற முடியாது.

தன்னையே திரும்பிப் பார்க்க வைப்பது

பேசியதோடு நிறுத்தினால் பாதி பலன்தான். ஒவ்வொருவரும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று பத்திகள் கொண்ட ஓர் அட்டவணை போடட்டும்: முதல் ஓட்டு, இரண்டாம் ஓட்டு, என்னை மாற்றியது எது அல்லது மாறாமல் வைத்தது எது. மூன்றாவது பத்திக்கு ஒரே ஒரு வாக்கியம், இரண்டு நிமிடம். "நண்பன் சொன்னான்" என்று எழுதினால், "என்ன சொன்னான்?" என்று திருப்பிக் கேளுங்கள்.

இன்னொன்று, உறுதியை அளப்பது. முதல் ஓட்டு முடிந்தவுடன் இரண்டாவதாக ஒரு கேள்வி: "உங்கள் விடையில் எவ்வளவு உறுதி? 1) ஊகம் 2) ஓரளவு 3) நிச்சயம்." நிச்சயம் என்று சொல்லித் தவறாகப் போட்டவர்கள் அதிகம் இருந்தால் அந்தக் கேள்வியில் கூடுதலாகப் பத்து நிமிடம் நில்லுங்கள். ஊகித்துச் சரியாகப் போட்டவர்களையும் விட்டுவிடாதீர்கள். அவர்களுக்கும் இன்னும் புரியவில்லை.

மாதக் கடைசியில் அந்த அட்டவணையைத் திருப்பிப் படிக்க ஒரு கால் மணி நேரம் ஒதுக்குங்கள். "நான் அதிகம் மாறுவது எந்த மாதிரிக் கேள்விகளில்?" என்று எழுதச் சொல்லுங்கள். "நான் சரியாகப் போட்டிருந்தாலும் பக்கத்தில் இருப்பவர் குரலை உயர்த்தினால் மாற்றிவிடுகிறேன்" என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். இதை நான் சொல்லி அவளுக்குப் புரியவைத்திருக்க முடியாது.

மதிப்பெண் கொடுக்கலாமா

சரியான விடைக்குக் கொடுக்காதீர்கள். மார்க் ஜேம்ஸ் 2006இல் வானியல் வகுப்புகளில் மாணவர்களின் பேச்சைப் பதிவுசெய்து ஒப்பிட்டார். சரியான விடைக்கு அதிக மதிப்பெண் வைத்த வகுப்பில், இருவரில் விவரம் அதிகம் தெரிந்த ஒருவரே பேச்சை எடுத்துக்கொண்டார், மற்றவர் ஒப்புக்கொண்டு ஓட்டுப் போட்டார். பங்கேற்றாலே போதும் என்ற வகுப்பில் பேச்சு ஓரளவு சமமாக இருந்தது. மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பங்கேற்புக்கு மட்டும் கொடுங்கள்.

வேகத்துக்குப் புள்ளி கொடுக்கும் விளையாட்டு முறைகளையும் இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம். திருப்புதல் பாடத்துக்கு அவை உற்சாகம் தரும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இரண்டு நிமிடம் யோசிக்க வேண்டிய பிள்ளையை ஐந்து விநாடியில் பொத்தானை அழுத்த வைத்துவிட்டு, பிறகு ஆழ்ந்து பேசு என்றால் எப்படி? கஹூட் போன்றவற்றில் வேகப் புள்ளியை நிறுத்திவிடலாம், நேரத்தையும் கூட்டலாம்.

கருவி காலை வாரினால்

வாரும். பேட்டரி தீரும், இணையம் போகும், புரொஜெக்டர் அணையும். மேஜைக்குள் நிற அட்டைகள் ஒரு கட்டு எப்போதும் இருக்கட்டும். இரண்டு நிமிடத்துக்கு மேல் இயந்திரத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். வகுப்பின் கவனம் அதற்கு மேல் நிற்காது. கருவி இல்லாத மாணவர் நோட்டில் விடையை எழுதி மூடி வைக்கட்டும், அதுவும் ஓட்டுதான்.

வகுப்பு முடிந்த பிறகு

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு அட்டையோ கணினியில் ஒரு பக்கமோ வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி, முதல் ஓட்டு எண்கள், இரண்டாம் ஓட்டு எண்கள், நீங்கள் காதில் வாங்கிய ஓரிரு வாக்கியங்கள். யாருமே தொடாத தெரிவு இருந்தால் அதை அடித்துவிட்டு, பிள்ளைகள் பேச்சில் வந்த ஒன்றை அந்த இடத்தில் வையுங்கள். என் மரத்துக் கேள்வியின் அட்டையில் இப்போது ஒரு துணைக் கேள்வி சேர்ந்திருக்கிறது: "ஒரு பலூனில் காற்று ஊதுவதற்கு முன்பும் பின்பும் எடை போட்டால் எடை கூடுமா, குறையுமா, மாறாதா?" காற்றுக்கு ஏது எடை என்று கேட்ட அந்தப் பிள்ளைக்காக எழுதியது. அடுத்த ஆண்டு மரத்துக்கு முன்னால் இதைத்தான் கேட்கப்போகிறேன்.